ஆர்கைல் டியூக்கும் ஆவுரிஞ்சுக் கல்லும்

பழைய ஆங்கிலேயப் பாணியில் அலங்கரித்த உணவகங்களிலும், மூத்த வழக்கறிஞர்களின் அறைகளிலும் ஒரு வகைப் படம் கண்ணில் படும். பின்னணியில் எதுவும் இருக்காது. நடுவில் ஒற்றை ஆள். தலை சற்றுப் பெரிது, உடம்பு சிறிது, பாதம் அதைவிடச் சிறிது. கறுப்புக் கோட்டு, உயர்த்திய மோவாய், உலகமே தனக்குக் கடன்பட்டது போன்ற பார்வை. யார் இவர் என்று அங்கே இருப்பவரிடம் கேட்டால், "யாரோ ஒரு துரை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இணையக் கடைகளில் இன்னும் மோசம். 'பழங்கால ஸ்காட்லாந்துப் பிரபு, கேலிச்சித்திரம்' என்று போட்டிருப்பார்கள். மூன்று அளவுகள், சட்டகம் கறுப்பா மரநிறமா என்று கேட்பார்கள். பிரபுவுக்குப் பெயர் இருக்காது. படத்தின் அடியில் அச்சாகியிருந்த வரியை வெட்டி எறிந்திருப்பார்கள். கேலிச்சித்திரத்தில் கேலி குடியிருந்ததே அந்த வரியில்தான்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனில் வெளிவந்த 'வேனிட்டி ஃபேர்' வார இதழ் 1869 ஏப்ரல் 17 அன்று எட்டாம் ஆர்கைல் டியூக்கான ஜார்ஜ் கேம்பெல்லின் கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. (இன்று நியூயார்க்கில் இதே பெயரில் வரும் இதழ் வேறு.) ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மலைகளும் தீவுகளுமாகப் பரந்த நிலத்துக்குச் சொந்தக்காரர். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் (Gaelic) பேசும் அவருடைய குடிமக்களுக்கு அவர் டியூக் என்பதைவிடக் கேம்பெல் குலத்தின் தலைவர். ஆள் குள்ளம், தலைமுடியோ செம்பட்டையாக, சிங்கத்தின் பிடரிபோல் பின்னால் சீவியது. இந்த இரண்டும் போதும், கேலிச்சித்திரக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

படத்தின் அடியில் ஒரு வாழ்த்து: 'ஆர்கைல் டியூக்கைக் கடவுள் ஆசீர்வதிப்பாராக.' படிக்கிறவர், இதில் கேலி எங்கே என்று தேடுவார். அன்றைய லண்டன்வாசி தேடவில்லை, சிரித்தார். ஏனென்றால் இது அப்போதே பழைய நகைச்சுவை.

கதை இப்படி. முன்னொரு காலத்து ஆர்கைல் டியூக் ஒருவர் மரமில்லாத தம் நிலத்தில் மாடுகள் முதுகு உரசிக்கொள்ளக் கம்பங்கள் நட்டாராம். எந்த டியூக், எந்த ஊர் என்பதில் கதை சொல்பவர்கள் ஒத்துப்போவதில்லை. மாடுகளோடு மேய்ப்பர்களும் அந்தக் கம்பத்தில் போய் முதுகைத் தேய்த்துக்கொண்டார்கள். தேய்க்கும்போதெல்லாம் சுகத்தில் டியூக்கை வாழ்த்தினார்கள். நாளடைவில் யாராவது தோளை நெளித்தாலோ முதுகைச் சொறிந்தாலோ பக்கத்தில் இருப்பவர் 'ஆர்கைல் டியூக்கைக் கடவுள் ஆசீர்வதிப்பாராக' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

தமிழ் வாசகருக்கு அந்தக் கம்பம் புதிதல்ல. நம் முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் ஆவுரிஞ்சுதறி நாட்டுவதும் ஒன்று. குளத்தங்கரையிலும் மேய்ச்சல் வழியிலும் மாடு உரசிக்கொள்ளக் கல் நட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சுமைதாங்கிக்கும் கேணிக்கும் பக்கத்தில் ஆவுரோஞ்சிக்கல் என்ற பெயரில் இன்றும் சில நிற்கின்றன. நமக்கு அது புண்ணியக் கணக்கு. லண்டன்காரருக்கோ அது ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஓயாத அரிப்பு என்ற பழைய வசையின் வால். சிரங்குக்கே 'ஸ்காட்லாந்துப் பிடில்' என்று பெயர் வைத்துச் சிரித்த ஊர் அது. சொறிகிற கை பிடில் வாசிக்கிற கை போல அசையும் என்பது பொருள். வாழ்த்து வரிக்குள் பேனும் சிரங்கும் மறைந்திருந்தன. அவ்வளவு பெரிய மனிதரின் படத்துக்கு அடியில் அவ்வளவு சின்ன விஷமம்.

அந்த விஷமத்தின் சொந்தக்காரர் இதழை நடத்திய தாமஸ் கிப்சன் பவுல்ஸ். 1868 நவம்பரில் இதழைத் தொடங்கினார். முதல் சில வாரங்கள் படம் கிடையாது. 1869 ஜனவரி 30 அன்று முன்னாள் பிரதமர் டிஸ்ரேலியின் வண்ணக் கேலிச்சித்திரம் வந்தது. அடுத்த வாரம் அப்போதைய பிரதமர் கிளாட்ஸ்டன். இதழ் நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு 1914 வரை, வாரம் ஒரு மனிதர் என்ற கணக்கில், 2,300-க்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றோடும் குத்தலான ஒரு வாழ்க்கைக் குறிப்பு வரும். எழுதியவர் பெயர் 'ஜேஹு ஜூனியர்' என்றிருக்கும். பைபிளில் தேரை வெறியோடு ஓட்டி வந்து ஓர் அரச வம்சத்தையே கருவறுத்தவன் ஜேஹு. அவனுடைய வாரிசு என்று தன்னைச் சொல்லிக்கொள்வதற்கு ஓர் ஆணவம் வேண்டும். பவுல்ஸிடம் அது குறைவில்லாமல் இருந்தது.

வரைந்தவர் கார்லோ பெல்லெக்ரீனி. இத்தாலியில் காபுவாவில் பிறந்து, 1864 வாக்கில் லண்டன் வந்தவர். முதலில் பிரெஞ்சில் குரங்கு என்று கையெழுத்திட்டார். பிறகு அதையே ஆங்கிலத்தில் 'ஏப்' என்று மாற்றிக்கொண்டார். குரங்கு என்றால் நம் ஊரில் சேட்டை. அவர் சொன்ன பொருள், ஆளைப் பார்த்து அப்படியே ஆடிக் காட்டுவது. எதிரில் உட்காரவைத்து வரைவது அவர் வழியல்ல. மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நடையையும் தோளின் சரிவையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு நினைவிலிருந்து தீட்டுவார். நினைவில் எது தங்குகிறதோ அதுதானே பெரிதாக வரும்? மிகைப்படுத்தல் அவர் தனியாகச் சேர்த்த மசாலா அல்ல, ஞாபகம் செய்த வேலை என்றே எனக்குப் படுகிறது.

அவருடைய நீர்வண்ண ஓவியம் அச்சகத்துக்குப் போகும். அங்கே கல். சுண்ணாம்புக் கல்லின் வழவழப்பான முகத்தில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் நீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் நீரை ஒதுக்கும். மேலே அச்சு மையை உருட்டினால் மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். நிறத்துக்கு ஒரு கல். செம்பட்டை முடிக்கு ஒன்று, முகத்தின் தோல் நிறத்துக்கு ஒன்று, கோட்டின் கறுப்புக்கு ஒன்று என ஒரே தாள் பல கற்களின் மேல் பிசகாமல் படுத்து எழ வேண்டும். நிழலை உண்டாக்கக் கைவினைஞர்கள் கல்லில் புள்ளி புள்ளியாகக் குத்தினார்கள். வார இதழ், வாராவாரம் இத்தனை வேலை. இந்த இதழின் படங்களில் பெரும்பாலானவற்றின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் தெரியும் 'வின்சென்ட் புரூக்ஸ், டே அண்ட் சன்' என்பது இந்த வேலை நடந்த அச்சகத்தின் பெயர்.

இதற்கு நூறு ஆண்டு முன்பு ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரை லண்டன் எப்படிப் படம் போட்டது என்று பார்த்தால்தான் ஆர்கைலுக்குக் கிடைத்த மரியாதை புரியும். 1762-இல் பிரதமரான மூன்றாம் பியூட் பிரபுவின் பெயர் ஜான் ஸ்டூவர்ட். ஜான் என்பதன் செல்லப் பெயர் ஜாக். பியூட் என்பது காதில் 'பூட்' என்று விழும். இரண்டையும் சேர்த்து, 'ஜாக்பூட்' எனப்படும், முழங்கால்வரை ஏறும் குதிரைவீரன் பூட்ஸைப் பிரபுவின் சின்னமாக்கிவிட்டார்கள். அரசரின் தாயோடு அவருக்குத் தொடர்பு என்ற வதந்தியால் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஓர் உள்பாவாடையும் சேர்ந்தது. படங்களில் மட்டுமல்ல, தெருவில் பூட்ஸையும் பாவாடையையும் கம்பில் தூக்கிவந்து கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டே மனிதர் பதவியை விட்டார்.

1788-இல் ஜேம்ஸ் கில்ரே வரைந்த ஒரு படம் நமக்கு இன்னும் நெருக்கம். பின்னாளில் மெல்வில் பிரபு ஆன ஹென்றி டண்டாஸ், இந்தியாவைக் கண்காணிக்கும் வாரியத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த காலம். கில்ரே அவருக்குத் தலையில் தலைப்பாகையும் இடுப்பில் ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட துணியும் கட்டி, ஒரு காலைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவிலும் மறு காலை வங்காளத்திலும் ஊன்றவைத்தார். சுல்தானா, குலத் தலைவனா என்று தெரியாத ஒரு பூதம். அந்தப் படத்தை டண்டாஸ் தம் வரவேற்பறையில் மாட்டியிருப்பார் என்று நினைக்க முடியவில்லை.

எடின்பரோவில் அதே காலத்தில் ஜான் கே என்ற நாவிதர் இருந்தார். முகங்களை மழித்து மழித்து அவற்றை மனப்பாடம் செய்துகொண்டவர், ஒரு கட்டத்தில் கத்தியை வைத்துவிட்டுச் செப்புத் தகட்டில் கீறத் தொடங்கினார். நீதிபதி, நிலப்பிரபு, பேராசிரியர், தூக்கில் தொங்கிய திருடன் என ஊரின் ஏறத்தாழ 900 படங்கள். நிலவியலின் தந்தை என்று சொல்லப்படும் ஜேம்ஸ் ஹட்டன் பாறை முன் நிற்கும் படத்தில், பாறையின் பிதுக்கங்களே அவருடைய எதிரிகளின் முகங்களாக இருக்கும். தங்கள் படத்தின் பிரதிகளை மொத்தமாக வாங்கிக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. அது ஒருவகையில் அந்த நாவிதருக்கு நல்ல வியாபாரம்.

பயந்து வாங்கிக் கிழித்த காலம் போய், பெருமையாக வாங்கி மாட்டும் காலம் 'வேனிட்டி ஃபேர்' வழியாக வந்தது. இதழில் படம் வராவிட்டால்தான் பிரபுவுக்குக் கவலை. கேலியின் விஷம் இறங்கியதற்கு ஒரு காரணம், கேலி செய்பவர்களும் கேலிக்கு ஆளானவர்களும் ஒரே கிளப்பில் சாப்பிட்டவர்கள். பெல்லெக்ரீனியே வேல்ஸ் இளவரசரின் வட்டத்தில் புழங்கியவர். இதழின் விலையும் தெருவில் நடப்பவர் வாங்கும் விலை அல்ல.

அதனால் படத்தில் வராமல் போனவை நிறைய. ஆர்கைலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1868 டிசம்பர் முதல் 1874 வரை அவர் இந்தியாவுக்கான அமைச்சர். கேலிச்சித்திரம் வெளிவந்தபோது அந்த நாற்காலியில் அமர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இந்தியாவில் கால் வைக்காமலே இந்தியாவை ஆண்டவர். கல்கத்தாவில் இருக்கும் அரசு எதை முடிவு செய்தாலும் கடைசிச் சொல் லண்டனுடையதே என்பதை வைஸ்ராய்க்கு அவர் அழுத்தமாகவே எழுதினார். அவருக்குக் கீழே துணையமைச்சராக இருந்த இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் மவுண்ட்ஸ்டூவர்ட் கிராண்ட் டஃப். பிற்பாடு சென்னைக்கு ஆளுநராக வந்து கடற்கரைக்கு மெரினா என்று பெயர் வைத்தவர். அவருடைய கேலிச்சித்திரமும் அதே 1869-இல் வந்தது. அந்த நேரத்தில் சென்னை ஆளுநரும் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுதான். அதே 1869-இல் கூவத்தின் முகத்துவாரத்தில் எழுந்த நேப்பியர் பாலத்தில் இருப்பது அவர் பெயர். லண்டனில் அமைச்சர், துணையமைச்சர், சென்னையில் ஆளுநர் என ஒரு வரிசை முழுவதும் அந்தச் சின்ன நாட்டு ஆட்கள். கில்ரே இருந்திருந்தால் கால் ஊன்ற இன்னும் சில இடங்கள் கிடைத்திருக்கும்.

இன்னொரு மௌனம் வீட்டுப் பக்கம். ஆர்கைல் டியூக்கின் சொத்தில் டைரீ என்ற தீவு உண்டு. தட்டையான தீவு, காற்றில் மரம் நிற்காது. கம்பம் நட்ட கதைக்குப் பொருத்தமான இடம்தான். 1846-இல் உருளைக்கிழங்குப் பயிர் கருகிப் பஞ்சம் வந்த பிறகு அங்கிருந்த சிறு குடியானவர்கள் பலர் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். கப்பலேறிக் கனடா போனவர்கள் ஏராளம். தீவு மக்கள் தாங்கும் அளவைவிடப் பெருகிவிட்டார்கள், தாம் செய்தது சீர்திருத்தம் என்று டியூக் கடைசிவரை வாதிட்டார், 1883-இல் தனி நூலே எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, 1886-இல், அதே தீவில் நிலத் தகராறு முற்றிக் கடற்படை வீரர்களை இறக்க வேண்டி வந்தது. 'டியூக்கைக் கடவுள் ஆசீர்வதிப்பாராக' என்ற வரியை டைரீயின் குடியானவர் ஒருவர் படித்திருந்தால் லண்டன்காரர் சிரித்த இடத்தில் சிரித்திருக்க மாட்டார்.

டியூக்குக்கு நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வெறும் நிலப்பிரபு அல்லர். மல் தீவின் எரிமலைப் பாறைகளுக்கிடையே புதைந்திருந்த இலைப் படிவங்களைப் பற்றி 1851-இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தவர். டார்வினோடு வரிந்துகட்டி வாதிட்டுத் தோற்றவர். அயோனா தீவின் பழைய மடாலய இடிபாடுகளைச் சாவதற்கு முந்திய ஆண்டு, 1899-இல், ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தவர். இவ்வளவும் ஒரு செம்பட்டை முடிக்குள் அடங்காது.

பெல்லெக்ரீனிக்குப் பிறகு கேலி இன்னும் மெலிந்தது. 1873 முதல் 'ஸ்பை' என்ற பெயரில் வரைந்த லெஸ்லி வார்டு, தாய் தந்தை இருவரும் ஓவியர்களாக இருந்த வீட்டில் பிறந்து ஈட்டன் பள்ளியில் படித்தவர். தம் படங்களைக் கேலிச்சித்திரம் என்பதைவிட 'குணத்தைக் காட்டும் உருவப்படம்' என்றே சொல்ல விரும்பினார். அதாவது பல்லைப் பிடுங்கியாயிற்று. அவருடைய நீதிபதிகளும் பிரபுக்களும் தையற்காரரின் மாதிரிப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் போல மடிப்புக் கலையாமல் நிற்பார்கள்.

ஆனால் அடியில் இருக்கும் வரி அப்போதும் கடித்தது. ஸ்காட்லாந்தின் ஐந்தாம் ரோஸ்பரி பிரபுவை ஸ்பை இருமுறை வரைந்தார். 1876-இல் தலைப்பு 'குதிரைகள்.' ஆக்ஸ்போர்டில் படித்தபோது, பந்தயக் குதிரை வைத்திருக்கக் கூடாது என்று சொன்னதற்குக் குதிரையை விடாமல் பல்கலைக்கழகத்தை விட்டவருக்கு அது போதும். இடையில் பிரதமராகி, பதவியில் இருந்த காலத்திலேயே டெர்பி குதிரைப் பந்தயத்தை இருமுறை வென்று, 1896-இல் கட்சித் தலைமையைத் துறந்தார். 1901-இல் அடுத்த படம். தலைப்பு 'லிட்டில் போ-பீப்.' ஆட்டு மந்தையைத் தொலைத்துவிட்டுத் தேடும் குழந்தைப் பாட்டுச் சிறுமி அவள். கட்சியைத் தொலைத்த மேய்ப்பன் என்பது ஒரு பொருள். குழந்தைக்கு முகத்தை மறைத்துக் காட்டி விளையாடும் ஆட்டத்துக்கும் அதே பெயர். அரசியலில் தலையைக் காட்டுவதும் மறைவதுமாக இருந்தவர் என்பது இன்னொன்று. வரியை வெட்டிவிட்டால் மிச்சம் ஒரு நல்ல கோட்டு.

இன்று இவை சுவருக்கு வந்த வழி நேரானது. 1914-இல் இதழ் நின்றது. பழைய தொகுதிகளைப் பிரித்துத் தாள் தாளாக விற்றார்கள். கிளப், வழக்கறிஞர் அறை, மதுக்கடை, பிரிட்டிஷ் வீடுகளின் கீழ்த்தளக் கழிப்பறை எனப் படங்கள் போய்ச் சேர்ந்தன. கழிப்பறையைக் கேவலமாக நினைக்க வேண்டாம். அங்கேதான் விருந்தாளி நிதானமாகப் பார்ப்பார். சந்தையில் ஒரு வேடிக்கை: குதிரைச் சவாரிக்காரர், கிரிக்கெட் வீரர், கோல்ப் வீரர் படங்களுக்கு உள்ள கிராக்கி டியூக்குகளுக்குக் கிடையாது. 1897-இல் வந்த கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியின் படத்தைத் தேடி அலைபவர்கள் உண்டு. உயிரோடிருந்தபோது ஆர்கைலின் வாசலில் நின்றிருக்கக்கூடிய ஜாக்கி, சுவரில் அவரைவிட விலை போகிறார்.

அசலா நகலா என்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடி போதும். கோட்டின் மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கற்ற, மணல் தூவியது போன்ற புள்ளிகள், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சில இடங்களில் ஓரம் கொஞ்சம் விலகியிருப்பது தெரிந்தால் அது கல்லச்சு. எண்ணி வைத்தது போல வரிசையான புள்ளிகள், சின்ன ரோஜாப்பூ வட்டங்கள் தெரிந்தால் பிற்காலத்து நகல். அசல் தாளில் படம் ஏறத்தாழ 13 அங்குல உயரம், 8 அங்குல அகலம். சுவரை நிறைக்கும் அளவில் கித்தானில் வந்தால் சந்தேகமே வேண்டாம். நகல் வாங்குவதில் தவறில்லை, பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அசலாக இருந்தால் வெயில் படாத சுவராகப் பார்க்க வேண்டும். அமிலம் கலந்த மலிவு அட்டையில் ஒட்டினால் தாள் பழுப்பேறும். நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பழுப்புப் புள்ளிகளும், விட்டால் இராமபாணப் பூச்சியும் வரும்.

நான் ஒரு ஆர்கைலைச் சட்டகம் போடக் கொடுத்தபோது, கடைக்காரர் சுற்று அட்டையை அழகாக வெட்டி, அடியில் இருந்த வாழ்த்து வரியை முழுவதும் மூடிவிட்டார். "கறை படிந்த எழுத்து சார், மறைத்தால்தான் படம் எடுப்பாகத் தெரியும்" என்றார். அந்த எழுத்துக்காகத்தான் படமே வாங்கினேன் என்று சொல்லி, கம்பத்தின் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். தங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் அப்படி ஒரு கல் கிடந்தது, சாலை போட்டபோது பாலத்துக்கு அடியில் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்றார். பிறகு புது அட்டை எடுத்து, அடியில் அரை அங்குலம் தாழ்த்தி மறுபடி வெட்டிக் கொடுத்தார். இரண்டாவது அட்டைக்கு எண்பது ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்.